காங்கேசன்துறைக்கு ஏன் தனி எம்.பி. இல்லை? மூன்று முறை காலியாகக் கிடந்த ஒரு தொகுதியின் கதை

இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த இரவில் முடிவுகள் துண்டு துண்டாக வரத் தொடங்கும். "யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதி" என்ற தலைப்பில் ஒரு பட்டியல் வரும். எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு, எத்தனை வாக்கு செல்லாதவை என்பதெல்லாம் அதில் இருக்கும். வென்றவர் யார் என்பது மட்டும் இருக்காது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் பழகிய தமிழ்நாட்டு வாசகர்கள் இதைப் பார்த்துக் குழம்புவது இயல்பு. 1989க்குப் பிறகு பிறந்த இலங்கைத் தமிழர்களிலும் பலருக்கு இது தெளிவாக இல்லை.

காங்கேசன்துறை என்ற பெயரில் வாக்குகள் எண்ணப்பட்டாலும், அந்தப் பெயரில் நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கை கிடையாது என்பதே இதற்கு விளக்கம். ஒரு காலத்தில் இருந்தது. 1947 முதல் 1989 வரை அது ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்யும் தனித் தொகுதி. இலங்கைத் தமிழ் அரசியலின் திருப்பங்கள் பல அந்த ஒரு நாற்காலியைச் சுற்றியே நடந்தன. அதில் யார் யார் அமர்ந்தார்கள் என்பது பலருக்கும் தெரியும். அது காலியாகக் கிடந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தொகுதியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டுகள்தான் சரியான வழி என்பது என் கருத்து.

முதலில் சில சொற்கள்

1. தனி உறுப்பினர் தொகுதி: எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பகுதி. அதிக வாக்குப் பெற்றவர் வெல்வார்; பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தியாவின் மக்களவைத் தொகுதிகள் இன்றும் இப்படித்தான்.

2. தேர்தல் மாவட்டம்: 1978 அரசியலமைப்பு உருவாக்கிய பெரிய அலகு. இலங்கை முழுவதும் 22 தேர்தல் மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பல உறுப்பினர்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களும் அடங்கும்.

3. இன்றைய "தேர்தல் தொகுதி": வாக்குகளை எண்ணி அறிவிப்பதற்கான பிரிவு மட்டுமே. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இப்படி 11 உண்டு: ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி. இவை எல்லாம் 1977 தேர்தலின் தனித் தொகுதிகளின் பெயர்கள்.

பழைய பெயரும் எல்லையும் அப்படியே இருக்க, உரிமை மட்டும் போய்விட்டது. குழப்பத்தின் வேர் இங்கேதான்.

முதல் வெற்றிடம்: 1931

காங்கேசன்துறை என்ற தொகுதிப் பெயர் நாடாளுமன்றத்தை விடப் பழையது. டொனமூர் அரசியலமைப்பின்படி 1931இல் இலங்கையில் வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைக்கு 50 இடங்களுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. வடக்கில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளில் ஒருவர்கூட வேட்புமனு கொடுக்கவில்லை.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பே காரணம். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்து போனதன் தாக்கம் அந்த இளைஞர்களிடம் ஆழமாக இருந்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முழுச் சுயராச்சியம் கேட்டவர்கள்; டொனமூர் தந்தது போதாது என்பது அவர்கள் வாதம். தென்னிலங்கைத் தலைவர்களும் தம்முடன் சேர்ந்து தேர்தலைப் புறக்கணிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை. வடக்கின் நாற்காலிகள் மூன்று ஆண்டுகள் காலியாக இருந்தன. 1934இல் இடைத்தேர்தல் நடந்தபோது காங்கேசன்துறையில் சு. நடேசன் வென்றார். பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபர். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் வருவார்.

இந்தப் பகிஷ்கரிப்பு இனப் பிரச்சினையிலிருந்து எழுந்ததல்ல. நாடு முழுவதன் விடுதலைக்காக யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எடுத்த நிலைப்பாடு அது. நாற்பது ஆண்டுகள் கழித்து இதே தொகுதி வேறொரு காரணத்துக்காகக் காலியானது. அந்த நாற்பது ஆண்டுகளில் என்ன மாறியது என்பதை இந்த இடைவெளியே காட்டுகிறது.

நாடாளுமன்றத் தொகுதியானது எப்படி?

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1947இல் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. தெரிவுசெய்யப்படும் இடங்கள் 95, நியமன உறுப்பினர்கள் 6. இடங்களைப் பங்கிட ஒரு சூத்திரம் இருந்தது: ஒரு மாகாணத்தில் 75,000 பேருக்கு ஓர் இடம், அத்துடன் 1,000 சதுர மைலுக்கு ஓர் இடம். பரப்பளவுக்கான கூடுதல் இடங்கள், மக்கள் ஐதாக வாழும் பகுதிகளில் உள்ள சிறுபான்மையினருக்குக் கைகொடுக்கும் என்று நினைத்தார்கள். வட மாகாணத்துக்கு 9 இடங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று காங்கேசன்துறை. குடாநாட்டின் வடகரை, தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கீரிமலை என்று செம்மண் தோட்டங்களும் கோயில்களும் துறைமுகமும் சேர்ந்த நிலம் அது.

அந்தச் சூத்திரத்தில் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. இடங்களைக் கணக்கிடும்போது மக்கள்தொகை முழுவதையும் எண்ணினார்கள். வாக்குரிமை உள்ளவர்களை மட்டும் அல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. தோட்டத் தொழிலாளர்களின் தலைகள் இடக் கணக்கில் இருந்தன, வாக்காளர் பட்டியலில் இல்லை. மலையகத் தொகுதிகளில் மிச்சமிருந்த வாக்காளர்களின் கைக்கு அந்த இடங்களின் பலன் போனது. 1947இல் 6 இடங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952இல் ஒன்றுகூட வெல்லவில்லை.

காங்கேசன்துறையின் கதையை மாற்றியதும் இதே சட்டம்தான். 1947இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக இங்கே வென்றவர் சா. ஜே. வே. செல்வநாயகம். மலாயாவின் ஈப்போவில் 1898இல் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்த வழக்கறிஞர். தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானபோது செல்வநாயகம் பிரிந்தார். 1949 டிசம்பர் 18 அன்று இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. இன்று மலையகத்தான் வாக்குரிமையைப் பறித்தவர்கள் நாளை நம் மொழியில் கைவைப்பார்கள் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம்.

1952: தந்தை செல்வா தோற்ற தேர்தல்

இன்று இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 1952இல் காங்கேசன்துறை வாக்காளர்கள் செல்வநாயகத்தைத் தோற்கடித்தார்கள். ஐக்கிய தேசியக் கட்சியில் நின்ற அதே சு. நடேசன் 15,337 வாக்குகள் பெற்றார்; செல்வநாயகத்துக்குக் கிடைத்தது 11,571. தமிழரசுக் கட்சி நாடு முழுவதும் வென்றது இரண்டே இடங்கள்: கோப்பாய், திருகோணமலை.

வடக்கின் வாக்காளர்கள் தொடக்கத்திலிருந்தே ஒரே திசையில் வாக்களித்தார்கள் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இந்த முடிவே சான்று. தமிழரசுக் கட்சி கேட்ட சமஷ்டி (கூட்டாட்சி) அப்போது பெரும்பாலானோருக்குப் புதிய, தொலைவான சொல். ஆளுங்கட்சியில் இருந்தால் ஊருக்கு வேலை நடக்கும் என்ற கணக்கும் இருந்தது. நடேசன் பின்னர் சேர் ஜோன் கொத்தலாவலயின் அமைச்சரவையில் அமைச்சருமானார்.

நான்கே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1956 தொடக்கத்தில் ஐக்கிய தேசியக் கட்சியும், சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற தனிச் சிங்களக் கொள்கைக்கு மாறியது. அதன் பிறகு அக்கட்சியின் பெயரில் வடக்கில் வாக்குக் கேட்பது நடக்காத காரியமாயிற்று. ஏப்ரல் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு 10 இடங்கள்; காங்கேசன்துறையும் செல்வநாயகத்திடம் திரும்பியது. 1960 மார்ச், 1960 யூலை, 1965, 1970 என்று தொடர்ந்து அவரே வென்றார். தமிழர் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர்வது குறித்து 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டபோது அவர் காங்கேசன்துறையின் உறுப்பினர். இரண்டும் நிறைவேறவில்லை.

இரண்டாம் வெற்றிடம்: 1972 முதல் 1975 வரை

1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையிலான ஐக்கிய முன்னணி 151இல் 116 இடங்களை வென்று, புதிய அரசியலமைப்பை எழுத முனைந்தது. அரசியல் நிர்ணய சபையில் முதலில் கலந்துகொண்ட தமிழரசுக் கட்சி, தன் திருத்தங்கள் எதுவும் ஏற்கப்படாத நிலையில் 1971 நடுவில் வெளியேறியது. 1972 மே 22 அன்று குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. சிங்களமே அரசகரும மொழி என்பதும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பதும் யாப்பிலேயே ஏறின. சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு மறைந்தது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. பழைய நாடாளுமன்றத்துக்கு 1970இல் தெரிவான உறுப்பினர்கள், புதிய தேர்தல் எதுவும் இல்லாமலேயே, புதிய யாப்பின் தேசிய அரசுப் பேரவை உறுப்பினர்கள் ஆனார்கள். பேரவையின் ஆயுளும் 1972 மே மாதத்திலிருந்து ஐந்து ஆண்டுகள் என்று நீண்டது. இந்த யாப்புக்குத் தமிழ் வாக்காளர்கள் சம்மதம் தந்தார்களா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

செல்வநாயகம் கண்டுபிடித்த வழி எளியது. 1972 அக்டோபர் 3 அன்று தன் இடத்தைத் துறந்தார். காங்கேசன்துறையில் இடைத்தேர்தல் வைத்து, புதிய யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று அரசாங்கமே கேட்டுப் பார்க்கட்டும் என்று சவால் விட்டார். தனி உறுப்பினர் தொகுதி என்ற அமைப்பில் பொதிந்திருந்த ஒரு வாய்ப்பை அவர் கருவியாக்கினார்: இடம் காலியானால் அந்த மக்களிடம்தான் மீண்டும் போக வேண்டும். நாடு தழுவிய சர்வசன வாக்கெடுப்பு கேட்டால் அரசு மறுத்துவிடலாம். இடைத்தேர்தலைச் சட்டப்படி ஒரு நாள் வைத்தே ஆக வேண்டும்.

அந்த ஒரு நாள் வர இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆயின. தென்னிலங்கை இளைஞர்களின் 1971 கிளர்ச்சியைத் தொடர்ந்து நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தது. நிலைமை சரியில்லை என்று சொல்லித் தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. இந்த இடைவெளியை வெறும் தாமதமாகப் பார்க்கக் கூடாது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் (மொழிவாரியாக மதிப்பெண்களைச் சரிக்கட்டிய முறை) தமிழ் மாணவர்களைப் புண்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. 1974 சனவரி 10 அன்று யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பறிபோனதும் அந்தக் காலத்தில்தான். வாக்குச்சீட்டால் பதில் சொல்ல ஒரு தொகுதி காத்திருந்தபோது, வாக்குச்சீட்டில் நம்பிக்கை இழந்த தலைமுறை ஒன்று பக்கத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தது. இடைத்தேர்தலை 1973லேயே வைத்திருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அமைதியான வழியில் கேட்ட ஒருவரை இவ்வளவு காலம் காக்கவைத்தது அந்த வழியையே பலவீனப்படுத்தியது என்று தயங்காமல் சொல்லலாம்.

எண்கள் சொல்வது

1975 பிப்ரவரி 6 அன்று வாக்களிப்பு நடந்தது. செல்வநாயகத்துக்கு அப்போது 77 வயது நெருங்கியிருந்தது. பார்க்கின்சன் நோயால் பேசுவதே சிரமம். எதிரே அரசாங்கக் கூட்டணியின் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் வி. பொன்னம்பலம். 1970இலும் இதே இருவர் மோதியிருந்ததால் ஒப்பிட வசதியாக இருக்கிறது.

1. 1970: செல்வநாயகம் 13,520. பொன்னம்பலம் 8,164. மூன்றாவது வேட்பாளர் ஒருவரும் கணிசமாக வாக்குகளைப் பிரித்தார். செல்வநாயகத்தின் பங்கு 49 சதவீதம், அதாவது பாதிக்குச் சற்றுக் கீழே.

2. 1975: செல்வநாயகம் 25,927. பொன்னம்பலம் 9,457. வித்தியாசம் 16,470. செல்வநாயகத்தின் பங்கு ஏறத்தாழ 73 சதவீதம்.

இடதுசாரி வேட்பாளரின் வாக்கு குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. அந்தத் தொகுதியில் இடதுசாரிகளுக்கு உறுதியான ஒரு தளம் இருந்ததை இது காட்டுகிறது. மாறியது மற்றவர்களின் மனம். 1970இல் பிரிந்து நின்ற தமிழ்த் தேசிய வாக்குகளும், புதிதாக வாக்களிக்க வந்தவர்களும் ஒரு பக்கம் திரண்டார்கள். 1972 மே மாதத்தில் தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸும் ஒரே கூட்டணிக்குள் வந்திருந்ததை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெற்றியைச் செல்வநாயகம், தமிழீழ மக்கள் தம் இறைமையைத் தாமே கையாள்வதற்குத் தந்த ஆணை என்று பேரவையில் அறிவித்தார். ஒரு தொகுதியின் தீர்ப்பை ஓர் இனத்தின் தீர்ப்பாகக் கொள்ளலாமா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனால் வேறெந்தத் தொகுதியிலும் இதே கேள்வியை வைத்துப் பார்க்க அரசாங்கம் முன்வரவில்லை என்பதும் அதே அளவு உண்மை. 1976 மே 14 அன்று தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. 1977 ஏப்ரல் 26 அன்று செல்வநாயகம் மறைந்தார்.

கடைசி உறுப்பினர், மூன்றாம் வெற்றிடம்

1977 யூலை 21 தேர்தலில் அ. அமிர்தலிங்கம் காங்கேசன்துறையில் நின்று வென்றார். 1956 முதல் அவர் தொகுதி வட்டுக்கோட்டை. 1970இல் அங்கே தோற்றிருந்தார். 1972இல் உருவான கூட்டணி, இப்போது தமிழர் விடுதலைக் கூட்டணி என்ற பெயரில், 18 இடங்கள் பெற்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கிப்போனதால் தனிநாடு கேட்டு வென்ற கட்சி பிரதான எதிர்க்கட்சியானது. காங்கேசன்துறை உறுப்பினர் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஜே. ஆர். ஜெயவர்த்தனா அரசு 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, தேர்தலுக்குப் பதிலாக அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டியது. நீட்டிக்க விளக்குச் சின்னம், வேண்டாம் என்பதற்குக் குடம். யாழ்ப்பாண மாவட்டம் குடத்துக்கே அள்ளிக் கொடுத்தது. நாடு முழுவதுமான கணக்கில் விளக்கு வென்றது. அடுத்த யூலையில் இன அழிப்பு வன்முறை. ஆகஸ்டில் ஆறாம் திருத்தச் சட்டம்: பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும். கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள், அவைக்கும் போகவில்லை. இடங்கள் பறிபோயின.

1972இல் காலியான நாற்காலி மக்களிடம் திரும்பிப் போவதற்காகக் காலியானது. 1983இல் அந்த வாசலும் அடைபட்டது. 1989 வரை காங்கேசன்துறைக்கு உறுப்பினர் இல்லை. அதன் பிறகு தொகுதியே இல்லை.

1989இல் வந்த முறை எப்படி இயங்குகிறது?

1978 யாப்பிலேயே விகிதாசாரப் பிரதிநிதித்துவம் எழுதப்பட்டிருந்தாலும், நாடாளுமன்றத் தேர்தலே நடக்காததால் 1989 பிப்ரவரி 15 அன்றுதான் அது முதன்முறை நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக:

1. மொத்தம் 225 இடங்கள். 196 மாவட்டங்களுக்கு, 29 தேசியப் பட்டியலுக்கு.

2. அந்த 196இல், மாகாணத்துக்கு 4 வீதம் 36 இடங்கள் நிலையானவை. மீதி 160 வாக்காளர் எண்ணிக்கைப்படி பங்கிடப்படும். 1977இல் இருந்த தொகுதிகளின் எண்ணிக்கையும் 160தான்; அவற்றில் சில ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தெரிவுசெய்ததால் மொத்த இடங்கள் 168.

3. மாவட்டத்தில் 5 சதவீதம் பெறாத கட்சிகள் கழியும். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் இடம். மிச்சம் விகிதப்படி.

4. வாக்காளர் கட்சிக்கு வாக்களித்து, அக்கட்சி வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு இடலாம். யார் உள்ளே போவது என்பதை மாவட்டம் முழுவதன் விருப்பு வாக்குகள் தீர்மானிக்கும்.

5. உறுப்பினர் விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் அடுத்த இடத்தில் இருப்பவர் வருவார்.

இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் உண்டு. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி, சுதந்திரக் கட்சியை விடச் சற்று அதிக வாக்கு பெற்றும் வென்றது 17 இடங்கள். சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் பாதியளவு வாக்குக்கு ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடங்களை அள்ளியது. சிதறி வாழும் முஸ்லிம், மலையகத் தமிழ் மக்களுக்குப் புதிய முறை உதவியது என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் மேலே உள்ள ஐந்தாவது விதியை மீண்டும் படியுங்கள். 1972இல் செல்வநாயகம் செய்ததை இன்று யாராலும் செய்ய முடியாது. உறுப்பினர் ஒருவர் கொள்கைக்காக விலகினால், மறுநாள் அவருடைய கட்சிக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பார். மக்களிடம் கேள்வி போகவே போகாது.

ஊரே இல்லாத தொகுதி

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது காங்கேசன்துறை உள்ளிட்ட வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். பலாலி விமானத் தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. தொகுதியின் பெயரைத் தந்த ஊருக்குள் அதன் மக்களே போக முடியாத நிலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தேர்தல் இரவுகளில் மட்டும் "காங்கேசன்துறை" என்று எண்கள் வாசிக்கப்பட்டன.

இடப்பெயர்வும் புலம்பெயர்வும் இடக் கணக்கையும் தாக்கின. 1989இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 11 இடங்கள் இருந்தன. 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. பதினொரு பழைய தொகுதிகளின் மக்களுக்கு இன்று ஆறு உறுப்பினர்கள். 2024இல் அந்த ஆறில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றபோது, காங்கேசன்துறை யாரைத் தெரிவுசெய்தது என்று கேட்டவர்களுக்கு நேரடிப் பதில் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம். கட்சி வாக்கு தொகுதிவாரியாகத் தெரியும்; ஆள் மாவட்டத்துக்கு உரியவர்.

தனித் தொகுதி திரும்புமா?

உள்ளூராட்சித் தேர்தலில் 2018 பிப்ரவரியில் கலப்பு முறை வந்தது: 60 சதவீதம் வட்டாரங்களிலிருந்து, 40 சதவீதம் பட்டியலிலிருந்து. மாகாண சபைகளுக்கும் பாதிக்குப் பாதி என்ற கலப்பு முறையை 2017இன் சட்டம் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதி எல்லைகளைப் புதிதாக வகுக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை; எதிராக 139. எல்லை இல்லாமல் புதிய முறையில் தேர்தல் வைக்க முடியாது, பழைய முறையைச் சட்டம் நீக்கிவிட்டது. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. அந்தச் சபையின் 38 நாற்காலிகளும் காலியாயின.